சித்த அணைச்சுப் பாக்கறக்குத்தான்

பையை மேல வெக்கச் சொல்லாத கண்ணு. மடியிலயே இருக்கட்டும், எனக்கொண்ணும் பாரமில்லை. மேல வெச்சுப்போட்டு நாம இங்க பேசிட்டு இருப்போம், தருமபுரியில எறங்கறவன் எவனாச்சும் கையோட தூக்கிட்டுப் போயிருவான். அதா அந்தச் செவப்புச் சட்டைக்காரன், சேலத்துல ஏறுனதுல இருந்து மேலயே பாத்துட்டு வர்றான். கேட்டா லைட்டைப் பாத்தேம்பான். பட்டப்பகல்ல என்ன லைட்டு?

பையில பெருசா ஒண்ணுமில்ல. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு எடுத்துட்டுப் போறேன், கொஞ்சம் பருப்புப் பொடி. என்ற மகளுக்கு. தாரணின்னு பேரு. பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறா. ஆனா நான் போறது அவளைப் பாக்கறக்கு மட்டுமில்ல. அவ கம்பெனி மேனேசரைப் பாக்கறக்கு. நேருக்கு நேரா நின்னு ஒரு கேள்வி கேக்கோணும். அதுக்குத்தான் இந்தப் பட்டுச் சீலை. இல்லாட்டி பஸ்ஸுல போறக்கு எவளாச்சும் பட்டுக் கட்டுவாளா?

ஆமா, அந்தப் போனைச் சித்த கமுத்தி வெச்சுக்கிறியா? பதிவு கிதிவு ஒண்ணும் ஆகலையே? சரி சரி, கோவிச்சுக்காத. காலம் அப்படி இருக்குது, அதான் கேட்டேன்.

எங்கூட்டுக்காரரு தவறுன பொறகு நான் பவானியில தனிக்கட்டை. ஊடு பெரிய ஊடு. சமைச்சா திங்கறக்கு ஆளில்ல, டிவி போட்டா கூட உக்காந்து பாக்கறக்கு ஆளில்ல. தாரணி ஞாயித்துக்கிழமைக்கு வருவா, துணியைத் துவைக்கறதுக்குள்ள கெளம்பிருவா. அப்படி இருக்கும்போது ஒருநாள் வந்து, "அம்மா, கம்பெனியில ஊட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. நெட்டு மட்டும் நிக்காம வரோணுமாம். இனி நான் உன்கூடத்தான்" அப்படின்னா. எனக்கு அழுகையே வந்துருச்சு கண்ணு. பவானி கூடுதுறையில போய் தேங்கா ஒடச்சேன்.

எங்க தெருவுல செல்போன் டவரு சரியா எடுக்காது. ஒரு கோடு வரும், ஓடிப்போயிரும். அதனால பிராட்பேண்டு இழுக்கோணும், வைஃபை வெக்கோணும்னா. வெச்சுக்க சாமி, உனக்கில்லாததான்னு சொன்னேன்.

ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் போஸ்டுமேல ஏறுனான். இன்னொருத்தன் ஊட்டுக்குள்ள வந்து நின்னுட்டு அண்ணாந்து அண்ணாந்து பாக்கறான். "எத்தனை ரூம்புங்கம்மா? யாராரு இருக்கறீங்க?" அவனுக்கு எதுக்கு யாராரு இருக்கறோம்னு? நான் சொன்னேன், "அஞ்சாறு பேரு இருக்கறோம், எல்லாம் வேலைக்குப் போயிருக்கறாங்க"ன்னு. தாரணி தலையில அடிச்சுக்கிட்டா. சுவத்துல ஓட்டை போட்டு மெல்லிசா ஒரு வயரை உள்ள விட்டான். கண்ணாடி நூலாட்ட இருக்குது. அதுக்குள்ளதான் எல்லாம் வருதாம். அந்த ஓட்டை வழியா பல்லி வருமே, வேற என்னென்ன வருமோன்னு அவன் போன ஒடனே சிமிட்டி வெச்சு அடைச்சேன்.

அந்த வைஃபைப் பொட்டியை எங்க வெக்கறதுன்னு ஒரு பாடு. உசரமா, நடு ஊட்டுல இருக்கோணும்னான். நடு ஊட்டுல உசரமா இருக்கறது எங்கூட்டுக்காரரு படம் ஒண்ணுதான். சரின்னு அதுக்குப் பக்கத்துப் பலகையிலயே வெச்சாச்சு. சுச்சு கீழ, டிவி ஸ்டாண்டு ஓரத்துல. பொட்டியில பச்சைப் பச்சையா லைட்டு மினுக்குது. பாக்கறக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சேன். புதுசா ஒரு பண்டம் ஊட்டுக்கு வந்தா வெக்காம இருப்பமா?

அப்பத்தான் அந்தப் பையன் ஒரு வார்த்தை சொன்னான். தாரணி ரூம்பு கதவைச் சாத்துனா நெட்டு வருமான்னு கேட்டேன். "அதெல்லாம் சுவத்தைத் தாண்டிப் போகுமுங்கம்மா, வயரே வேண்டாம்"னான்.

சுவத்தைத் தாண்டிப் போகுமா? "அப்ப பக்கத்து ஊட்டுக்கும் போகும்ல?"

போகும், ஆனா பாஸ்வேர்டு இருக்குது, யாரும் எடுக்க முடியாதுன்னு சிரிச்சான். சிரிக்கறவனை நான் எப்பவும் நம்பறதில்ல. தாரணி பாஸ்வேர்டை எனக்கும் சொல்றேன்னு வாயைத் தொறந்தா. "மெதுவாச் சொல்லு புள்ளை, சன்னல் தொறந்து கெடக்குது"ன்னேன். அன்னிக்கு இருந்தே எனக்குத் தூக்கமில்ல.

பக்கத்து ஊடு மயிலாத்தாக்கா ஊடு. நல்ல மனுசிதான். ஆனா அவியூட்டுல ஊட்டோட மாப்பிள்ளையா ஒருத்தன் இருக்கறான், லோகநாதன்னு. கண்ணு ஒரு எடத்துல நிக்காது. நெட்டு வந்து ஒரு வாரம் இருக்கும். சமையக்கட்டுச் சன்னல்ல இருந்து பாக்கறேன், நம்ம காம்பவுண்டுச் சுவத்தை ஒட்டி, கொய்யா மரத்தடியில, போனும் கையுமா நிக்கறான். மறுநாளும் அங்கயேதான். அவியூட்டுல எடமில்லையா? மொட்டை மாடி இல்லையா? நம்ம சுவத்தோட என்ன ஒட்டல்?

நான் ஆருகிட்டயும் சொல்லலை. கையும் களவுமாப் புடிக்காம வாயைத் தொறக்கக்கூடாது. ஒரு ரோசனை வந்துச்சு. மெதுவாப் போய் சுச்சை அணைச்சேன். பச்சை லைட்டெல்லாம் போச்சு. ஓடிவந்து சன்னல்ல எட்டிப் பாத்தேன். கண்ணு, நீ நம்பமாட்ட! நான் எட்டிப் பாக்கறேன், அவன் திருதிருன்னு முழிக்கறான். போனை ஒரு கையில வெச்சுட்டு இன்னொரு கையைப் பின்னாடி கட்டிக்கறான். மூஞ்சி செத்துப்போச்சு. ஒடனே சிலுக்குன்னு உள்ள போயிட்டான்.

நெட்டு நின்னுச்சு, அவன் போயிட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? சொல்லு, நீ படிச்ச புள்ளைதான?

ஆனா ஒருதடவை பாத்தா போதுமா? எனக்கு நாயம் வேணும், போகற போக்குல ஒருத்தர்மேல பழி சொல்லக்கூடாது. அதனால மறுக்கா பாத்தேன். அடுத்த நாளும் பாத்தேன். காத்தால அவன் வந்து நிக்கறப்ப, மத்தியானம் சாப்பிட்டுப்போட்டு வந்து நிக்கறப்ப, பொழுதோட வந்து நிக்கறப்ப. சித்த நேரந்தான் அணைப்பேன். ஓடிப்போய்ப் பாப்பேன். ஒவ்வொருக்காவும் அதே முழிதான், அதே கை பின்னாடிதான். எனக்கு அதுல ஒரு திருப்தி. எங்கூட்டுக்காரரு இருந்திருந்தா, "வசந்தாமணி, நீ போலீசுக்குப் போயிருக்கோணும்"னு சொல்லியிருப்பாரு.

அந்தக் கெரகம் புடிச்ச பொட்டி மறுக்கா போட்டா ஒடனே எந்திரிக்காது. ஒண்ணொண்ணா மினுக்கி, செவப்பு காட்டி, அப்புறம் பச்சைக்கு வரும். அதுக்குள்ள நான் ரெண்டு வெங்காயம் உரிச்சுப்போடுவேன்.

அந்த நேரம் பாத்துத்தான் தாரணிக்கும் தொல்லை ஆரம்பிச்சுது. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வயித்தெரிச்சல். ரூம்புல இருந்து வெளிய வந்து, "மறுபடியும் போயிருச்சும்மா, மீட்டிங்ல பாதியில நிக்குது"ம்பா. தலையைப் புடிச்சுட்டு உக்காந்துருவா. நான் மனசுக்குள்ள நெனப்பேன். பாத்தியா, நான் சொன்னனே, அவன் அக்கட்ட உறிஞ்சறான், இவளுக்கு இக்கட்ட வத்திப்போகுதுன்னு. வேற எப்படிப் போகும்?

கம்பெனிக்குப் போன் போட்டா. லைன் பையன் வந்தான். வயரை மாத்துனான், போச்சு. மறுக்கா வந்து பொட்டியையே மாத்துனான், அப்பவும் போச்சு. போஸ்டுல இருந்து புதுசா லைன் இழுத்தாங்க. தாரணி கரண்டுதான் கோளாறோன்னு சின்னதா ஒரு பேட்டரி வாங்கி வெச்சா. கரண்டு போனாலும் பொட்டி எரியுமாம். அது எனக்குக் கொஞ்சம் எடைஞ்சல் ஆயிருச்சு. அப்புறம் பாத்தா அதுக்கும் பின்னாடி ஒரு பட்டன் இருக்குது. சரி, போகட்டும்.

ஏன் பாக்கற அப்படி? வெளிய பாத்துட்டு வரோணுமா, சன்னலோரம் வேணுமா? இல்லையா? சரி.

இன்னொண்ணு இருக்குது. உன்கிட்டச் சொல்றக்கென்ன, நீ எறங்கிப் போயிருவ. ரூம்பைச் சாத்திட்டு அவ பேசறா பேசறா, என்ன பேசறான்னு தெரீல. பூரா இங்கிலீசு. நடுவுல ஒரு ஆம்பளைக் குரலு. விவேக், விவேக்குங்கறா. ஆரு சாமி விவேக்குன்னா, "கூட வேலை பாக்கறவரும்மா"ங்கறா. கூட வேலை பாக்கறவன்கிட்ட வேலையைத்தான் பேசோணும். சிரிப்பு எதுக்கு? ஊட்டுல என்கூட இருக்கும்போது அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. சாப்பிட உக்காந்தா போனைப் பாத்துட்டே திம்பா. ரெண்டு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை வரும். கதவைச் சாத்துன பொறகு கொலுசு சத்தமாட்டச் சிரிப்பு வருது.

அப்ப நானும் என்ன பண்றது? வயசுப் புள்ளை, அப்பன் இல்லாத புள்ளை. ஊருல நாலு பேரு நாலு பேசுவாங்க. சிரிப்புச் சத்தம் கேட்டா, போய் சுச்சைச் சித்த அணைச்சுப்போடுவேன். கதவு தொறந்துட்டு வெளிய வருவா. "வா சாமி, நெட்டு வர்ற வரைக்கும் உக்காரு, போண்டா சுட்டிருக்கறேன்"னு தட்டை நீட்டுவேன். உக்காருவா. சித்த நேரம் என்கூட உக்காந்திருப்பா கண்ணு. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல. பெத்தவளுக்கு அதுகூட இல்லியா?

கடேசியா அந்த லைன் பையன் வந்தான் பாரு, அன்னிக்குத்தான் கெட்டுது. பொட்டியைப் பாத்தான், வயரைப் பாத்தான், அவன் ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசுனான். பேசிப்போட்டு தாரணிகிட்டச் சொல்றான், "மேடம், லைன்ல ஒரு கோளாறும் இல்லீங்க. ஆபீசுல உக்காந்தே எங்களுக்குத் தெரியும். பொட்டி கரண்டு இல்லாமத்தான் நிக்குது. ஆரோ சுச்சை அணைச்சு அணைச்சுப் போடறாங்க"ன்னு. சொன்னதோட நிக்காம அவ போன்ல எதையோ ஏத்திக் குடுத்தான். பொட்டி எரியுதா அணைஞ்சிருக்குதான்னு எந்த ஊருல இருந்தாலும் அதுல பாத்துக்கலாமாம்.

வேலை தெரியாதவன் பழியை ஊட்டுக்காரங்க மேல போட்டுட்டுப் போறான். எல்லாப் பக்கமும் இதே கதைதான. அவனுக்கு நான் காப்பி வேற குடுத்திருந்தேன்.

அவன் போன பொறகு தாரணி என்னையப் பாத்தா. "அம்மா, நீ அதைத் தொட்டியா?"

"நான் எதுக்குச் சாமி தொடறேன்?"னுட்டேன்.

பின்ன என்ன சொல்றது? தொடறதுன்னா கெடுக்கறக்குத் தொடறது. நான் கெடுக்கறக்கா தொட்டேன்? திருடனைப் புடிக்கறக்குத் தொட்டேன். அவ நல்லதுக்குத் தொட்டேன். அது தொட்டதுல சேருமா?

சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன், ஆறியிருக்கும். அவ பேசாம ரூம்புக்குள்ள போனா. அந்த வாரமே சூட்கேசை எடுத்து வெச்சுட்டா. "கம்பெனியில எல்லாரையும் திரும்பி வரச் சொல்லிட்டாங்கம்மா"ன்னா. நான் போண்டா சுட்டுட்டு இருந்தேன். எண்ணெய் காஞ்சு பொகைஞ்சு போச்சு, நான் அப்படியே நின்னேன். பஸ் ஏத்திவிடப் போனேன். சன்னல் வழியா, "லைனைக் கட் பண்ணிரட்டுமாம்மா? உனக்கு எதுக்கு?"ன்னு கேட்டா. வேண்டாம், இருக்கட்டும்னுட்டேன்.

இப்ப வர்ற கதையைக் கேளு. அவ போய்க் கொஞ்ச நாளுல பக்கத்து ஊட்டுல ஒரே சத்தம். என்னன்னு ஓடிப்போய்ப் பாத்தா, மயிலாத்தாக்கா வெளக்கமாத்தைக் கையில வெச்சுட்டு நிக்குது. அந்த லோகநாதன் கல்யாணத்தப்ப சாமி மேல சத்தியம் பண்ணிக் குடுத்தானாம், பீடி சிகரெட்டைத் தொடமாட்டேன்னு. கொய்யா மரத்தடியில பாத்தா கூடைக்கணக்குல சிகரெட்டுத் துண்டு கெடக்குதாம். அத்தனை நாளா அங்க நின்னு ஊதிட்டு இருந்திருக்கறான். அக்கா சொல்லுது, "வசந்தாமணி, இவனுக்கு அந்தப் போன்ல நெட்டே கெடையாது. பட்டன் போனு. அதைச் சும்மா காதுல வெச்சுட்டு நின்னிருக்கறான், களவாணிப்பய"ன்னு.

அப்ப அவன் கையைப் பின்னாடி வெச்சது? நான் எட்டிப் பாத்தது அவனுக்குத் தெரிஞ்சு, சிகரெட்டை மறைச்சிருக்கறான். அவ்வளவுதானாம்.

அப்புறம் ரோசிச்சேன். அவன் திருடலைன்னா, வேற எவனோ திருடியிருக்கறான். இல்லாட்டி நெட்டு ஏன் நின்னு நின்னு போச்சு? எதுத்தாப்ல மாடியில ஒரு வாத்தியார் இருக்கறாரு, அவரும் பாக்கறக்கு அப்படி இப்படித்தான். நான் இப்ப சுச்சைத் தொடறதில்ல. தொட்டு ஆரைப் புடிக்கறது, ஆருக்காகப் புடிக்கறது?

மேனேசர் கதைக்கு வர்றேன். போன மாசம் பெருந்துறையில ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்த அம்மா, எங்க ஹேமலதாவும் உங்க தாரணியும் ஒரே கம்பெனி, ஒரே டீமுன்னா. அட, அப்படியான்னேன். "உங்க புள்ளையையும் கூப்பிட்டுட்டாங்களா?"ன்னு கேட்டா, அந்தம்மா முழிக்குது. "இல்லீங்க, ஹேமா இன்னமும் ஊட்டுல இருந்துதான் பாக்கறா. எல்லாருமே அப்படித்தான். ஆரையும் வரச் சொல்லலையே. வாரதுன்னா அவியவிய இஷ்டந்தானாம்."

எலையில போட்ட சோறு அப்படியே இருந்துச்சு.

இப்ப நீயே சொல்லு. அந்தப் புள்ளைக்கு ஒரு சட்டம், என்ற புள்ளைக்கு ஒரு சட்டமா? அவளை மட்டும் எதுக்கு வரச் சொல்லோணும்? கம்பெனியில ஏதோ ஓரவஞ்சனை நடக்குது. அந்த விவேக் கூடக் காரணமா இருக்கலாம். அதைத்தான் மேனேசர்கிட்ட நேராப் போய்க் கேக்கறேன். "எங்கூட்டுல நெட்டு இருக்குது சாமி, பேட்டரி இருக்குது, புது வயரு இருக்குது. நிக்காம வருது. ஒரு நாள்கூட நின்னதில்ல. என்ற புள்ளையை ஊட்டுக்கு அனுப்பிவிடுங்க"ன்னு சொல்லப்போறேன். கால்ல விழோணும்னாலும் விழுவேன். எனக்கென்ன கௌரவம்?

தாரணிக்கா? நான் வர்றது அவளுக்குத் தெரியாது. சொன்னா வேண்டாம்பா. போன வாரம் போன் பண்றப்ப, மேனேசரைப் பாத்துப் பேசட்டுமான்னு சும்மா கேட்டுப் பாத்தேன். சித்த நேரம் சத்தமே இல்ல. நெட்டு போயிருச்சாட்டன்னு நெனச்சேன். அப்புறம், "மேனேசர் என்னம்மா பண்ணுவாரு"ன்னா. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. சளி புடிச்சிருக்கும். அந்த ஊரு குளிருதாம்ல. அதுக்குத்தான் பருப்புப் பொடியில மொளகு எச்சா போட்டிருக்கறேன்.

இது தொப்பூர் மலையா? அதுக்குள்ள வந்தாச்சா. நீ எங்க, கிருஷ்ணகிரியில எறங்கறியா? அதுக்குள்ள ஒண்ணு கேக்கறேன் கண்ணு, நீ போனெல்லாம் நல்லாப் பாக்கற புள்ளையா இருக்கற.

காத்தால கெளம்பும்போது ஊட்டுல எல்லாச் சுச்சையும் அணைச்சேன். மோட்டாரு, டிவி, ஃபிரிட்ஜ் மொதக்கொண்டு. வெளிய கெளம்புனா மெயினையே அணைக்கற ஆளு நான், எங்கூட்டுக்காரரு காலத்துல இருந்து அப்படித்தான். இன்னிக்கு மெயினைத் தொடலை. அந்தப் பொட்டியை எரியவிட்டுட்டு வந்திருக்கறேன். அவ போன அன்னிக்கு இருந்து அது ஒரு நிமிசம் அணைஞ்சதில்ல. வேலை செய்யற ஆளே இல்ல, நடு ஊட்டுல அவரு படத்துக்குப் பக்கத்துல அது பாட்டுக்குப் பச்சையா எரிஞ்சுட்டு இருக்குது. நான் இல்லாதப்ப பேட்டரி கீட்டரி தீந்து நின்னுபோனா ஒடனே போட்டுவிடோணும்னு சாவியைக் குடுத்துட்டு வந்திருக்கறேன். ஆருகிட்டயா? லோகநாதன்கிட்டத்தான். வேற ஆரு இருக்கறா? கொய்யா மரத்தடியில நின்னா சன்னல் வழியா லைட்டு தெரியும், பாத்துக்கடா மாப்பிள்ளைன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.

நான் கேக்கறது இதுதான். அந்த லைன் பையன் அவ போன்ல ஏத்திக் குடுத்தானே, எந்த ஊருல இருந்தாலும் தெரியும்னு. அது இன்னமும் அவ போன்ல இருக்குமா கண்ணு? எடுத்துப் பாத்தா, பொட்டி அணையாம எரியறது அவளுக்குத் தெரியும்ல?